மசூரி சவாய்: பேய்க்காகப் போகாதீர்கள், 1911-ல் நடந்த கதைக்காகப் போங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நள்ளிரவில் வெள்ளைப் புடவையோ வெள்ளை கவுனோ கண்ணில் படும் என்ற ஆசையில் மசூரி சவாய் ஹோட்டலில் ரூம் போடுகிறவர்களுக்கு இந்த விமர்சனம் உதவாது. அப்படி எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை, காதிலும் விழவில்லை. ஆனால் பழைய கட்டடம், பழைய கதை, அதன் பின்னால் இன்றுவரை விடை தெரியாத ஒரு சாவு, இதெல்லாம் பிடித்தவர்கள் காசு சேர்த்து வைத்துக்கொண்டாவது ஒரு முறை போய்வர வேண்டிய இடம் இது.

ஊட்டியிலும் சவாய் என்ற பெயரில் ஒரு பழைய ஹோட்டல் உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது உத்தராகண்டில், டேராடூனுக்கு மேலே மலையில், மசூரியின் லைப்ரரி சௌக் பக்கம் இருக்கும் சவாய். 1902-ல் திறந்தது. லக்னோவில் வக்கீலாக இருந்த செசில் லிங்கன் என்பவர், அங்கே இருந்த ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் இடத்தை வாங்கிக் கட்டியது. பெரும்பகுதி மரம். கூம்பிய முகடுகள், ஒடுங்கி உயர்ந்த ஜன்னல்கள், நீளமான வராந்தாக்கள் என்று சர்ச்சையும் மாளிகையையும் சேர்த்துக் கட்டியது மாதிரி இருக்கும். வெகுகாலம் கவனிப்பில்லாமல் கிடந்து, அப்புறம் புதுப்பித்து, இப்போது ஐடிசி-யின் வெல்கம்ஹோட்டல் பெயரில் நடக்கிறது. புதுப்பித்தவர்கள் முகப்பைக் கெடுக்கவில்லை, அதற்கே ஒரு கும்பிடு.

சரி, கதைக்கு வருவோம்.

1911. ஃபிரான்சிஸ் கார்னெட்-ஓர்ம் என்ற 49 வயது ஆங்கிலேயப் பெண் சவாயில் வந்து தங்குகிறார். இளம் வயதில் ஒரு அதிகாரியோடு நிச்சயமாகி, கல்யாணத்துக்கு முன்பே அவர் இறந்துபோக, அதற்குப் பிறகு கல்யாணமே செய்துகொள்ளாதவர். இறந்தவரோடு பேச முடியும் என்ற நம்பிக்கை அவருக்கு. கூட வந்தவர் ஈவா மவுண்ட்ஸ்டீஃபன், லக்னோக்காரர், ஆவிகளோடு பேசுவதிலும் கண்ணாடி உருண்டையில் பார்த்துச் சொல்வதிலும் பெயர் வாங்கியவர். நம் ஊரில் வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பார்களே, அதன் இங்கிலீஷ் வடிவம். இரண்டு பேரும் மேஜையைத் தட்டி ஆவியைக் கூப்பிட்டுக்கொண்டு அந்த ஹோட்டலில் இருந்திருக்கிறார்கள். பிறகு ஈவா மசூரியை விட்டுக் கிளம்பிப் போய்விட்டார். அவர் போன பிறகு, ஒரு நாள் ஃபிரான்சிஸ் தன் அறையில் கட்டிலில் பிணமாகக் கிடந்தார். கதவு உள்ளே பூட்டியிருந்தது.

பிரேதப் பரிசோதனையில் புரூசிக் ஆசிட் என்று வந்தது. சயனைடு குடும்பத்து விஷம், சில நிமிஷங்களில் ஆளை முடித்துவிடும். அப்படியானால் உள்ளே பூட்டிய அறைக்குள் விஷம் எப்படி வந்தது? அரசுத் தரப்பு சொன்னது, அவர் வயிற்றுக்காகச் சாப்பிட்டு வந்த சோடா உப்பு பாட்டிலில் முன்கூட்டியே கலந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பது. அதாவது கொலை செய்தவர் அந்த ஊரிலேயே இருக்க வேண்டியதில்லை. செத்துப்போகிறவரே, தானே கதவைப் பூட்டிக்கொண்டு, தானே மருந்தைக் கலக்கிக் குடிப்பார். ஈவாவைக் கைது செய்து அலகாபாத்தில் வழக்கு நடத்தினார்கள். துக்கத்தில் ஃபிரான்சிஸே விஷம் குடித்துவிட்டார் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. ஈவா விடுதலையானார். ஆனால் ஃபிரான்சிஸின் உயிலை வைத்துக்கொண்டு சொத்து கேட்டபோது, ஆவி பேசுகிறேன், உருண்டையில் பார்க்கிறேன் என்று சொல்லி அந்தப் பெண்ணின் மனசை வளைத்திருக்கிறார் என்று நீதிமன்றம் அதைத் தர மறுத்துவிட்டது. வேறு யாரும் தண்டிக்கப்படவில்லை. பிரேதத்தைப் பார்த்த டாக்டரும் சில மாதங்களில் ஸ்டிரிக்னைன் விஷத்தால் இறந்தார் என்று மசூரியில் ஒரு பேச்சு உண்டு. இது ஊரார் வாயில் வளர்ந்த பகுதி என்றே நான் எடுத்துக்கொள்கிறேன், கதை சொல்கிறவர்கள் இந்த இடத்தில் மட்டும் தவறாமல் குரலைத் தாழ்த்துவார்கள்.

இந்த வழக்கைக் கேள்விப்பட்ட ருட்யார்ட் கிப்ளிங், இதை வைத்து எழுதலாமே என்று ஷெர்லாக் ஹோம்ஸ் எழுதிய ஆர்தர் கோனன் டாயிலுக்குக் கடிதம் போட்டார். டாயில் எழுதவில்லை. பிறகு 1920-ல் வந்த அகதா கிறிஸ்டியின் முதல் நாவலுக்கு இதுதான் மூலம் என்று மசூரியில் எல்லோரும் சொல்வார்கள், ஹோட்டலைப் பற்றி இணையத்தில் வரும் எல்லாக் கட்டுரைகளிலும் அது இருக்கும். என் கருத்தைக் கேட்டால், அந்த அளவுக்கு அடித்துச் சொல்லத் தேவையில்லை. பூட்டிய அறை, மருந்து வழியாக விஷம் என்பது வரை பொருந்துகிறது, ஆனால் நாவலில் வரும் விஷம் வேறு, அது வேலை செய்யும் விதமும் வேறு. அகதா கிறிஸ்டி முதல் உலகப் போர் சமயத்தில் டார்க்கி ஊரில் மருந்து கலந்து கொடுக்கும் இடத்தில் வேலை பார்த்தவர், எந்த மருந்தோடு எது சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அங்கேயே கற்றுக்கொண்டார். மசூரி சேதி அவர் காதில் விழுந்திருக்கலாம், விழாமலும் இருந்திருக்கலாம். எப்படியானாலும் ஃபிரான்சிஸின் சாவு அந்த நாவலின் தயவில் முக்கியமாகிவிடவில்லை.

இந்த வழக்கில் என்னை மிகவும் உலுக்கியது ஒன்று. இறந்துபோன ஒருவரோடு பேசிவிட மாட்டோமா என்று ஏங்கிய பெண் அவர். அந்த ஏக்கம்தான் இன்னொருவர் கையில் அவரைப் பிடித்துக் கொடுத்தது. செத்த பிறகு அவரையே பேயாக்கி, 'லேடி கார்னெட்' என்று பட்டம் கொடுத்து, தன்னைக் கொன்றவரைத் தேடி வராந்தாவில் அலைகிறார் என்று நூறு வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவர் லேடி இல்லை. மிஸ் கார்னெட்-ஓர்ம். கொலைதான் என்றால் நியாயம் கிடைக்காத ஒரு பெண், தற்கொலை என்றால் துக்கத்தில் தனியாக விடப்பட்ட ஒரு பெண். இரண்டில் எதுவாக இருந்தாலும், ஹாலோவீன் முகமூடி மாதிரி அவரைப் பயன்படுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. சவாய்க்குப் போகிறவர்கள் இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு போனால் அந்தக் கட்டடம் வேறு மாதிரித் தெரியும்.

இப்போது தங்கிய அனுபவம்.

நாங்கள் போனது மழைக்காலம் முடிந்த பிறகு. நான், மனைவி, மனைவியின் தம்பி. தம்பிக்கு இந்த மாதிரி விஷயம் என்றால் உயிர். ஏதோ காந்தப்புலம் அளக்கிறதாம், ஆவி வந்தால் முள் ஆடுமாம், அப்படி ஒரு ஆப் போனில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். செக்-இன் ஆனதுமே "அத்தான், ரூமுக்கு அப்புறம் போலாம், முதல்ல வராந்தாவுக்கு வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனான்.

அந்த வராந்தாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனை தெரியும், ஆனால் ஆள் வந்தால் முகம் தெரியாது, அவ்வளவு நீளம். பகலில் ஜன்னல் ஜன்னலாக வெயில் தரையில் சாய்ந்து கிடக்கும். இருட்டிவிட்டால் விளக்குக்கும் விளக்குக்கும் நடுவே இருக்கும் இருட்டில்தான் நாம் நடக்கிறோம் என்று தோன்றும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் அதில் நடந்துகொண்டிருந்தபோது, பின்னால் யாரோ ஒருவர் நம்மோடு நடந்து, நாம் நின்றதும் ஒரு அடி அதிகம் வைத்துவிட்டு நிற்பது போல ஒரு சத்தம். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். தம்பியின் ஆப்பில் முள் ஆடியது, ஆனால் அது சுவரில் இருந்த ஸ்விட்ச் பெட்டி பக்கம் போனபோதெல்லாம் ஆடியது, போனை நகர்த்தினால் நின்றது.

அங்கே வேலை பார்க்கும் ஒருவர் அந்தப் பக்கம் வந்தார், எங்கள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். சிரிக்கவில்லை, கேலி செய்யவில்லை. எங்களை அதே இடத்துக்குத் திரும்பக் கூட்டிப்போய், ஒரு பலகையைக் காலால் அழுத்தி, காலை எடுத்துவிட்டு, கொஞ்சம் பொறுங்கள் என்று சைகை செய்தார். இரண்டு மூன்று விநாடி கழித்து 'டக்' என்று வந்தது. பகல் வெயிலில் விரிந்த மரம், மலைக்குளிரில் ராத்திரி முழுக்கச் சுருங்கிக்கொண்டே இருக்கும். மிதித்த பலகை அமுங்கி, தாமதமாகத் தன் இடத்துக்குத் திரும்பும்போது அந்தச் சத்தம். நூறு வருஷக் கட்டடத்தில் எந்தப் பலகை எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் அடுத்த தடவை அந்தச் சத்தம் கேட்டபோது முதுகு சில்லிட்டது. அந்த மனிதரின் பொறுமைக்காகவே இந்த ஹோட்டலுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். எந்த அறையில் ஃபிரான்சிஸ் இறந்தார் என்று தம்பி கேட்டதற்கு, அங்கெல்லாம் இப்போது விருந்தினர்கள் தூங்குகிறார்கள் சார் என்று மட்டும் சொன்னார். சரியான பதில்.

பேய் இல்லாத கதைகளும் இங்கே நிறைய. எனக்கு மிகவும் பிடித்தது 1920-ல் நடந்தது. மூன்றாம் ஆங்கிலோ-ஆப்கன் போருக்குப் பின்னால் பேச்சுவார்த்தைக்கு வந்த ஆப்கானிஸ்தான் தூதுக்குழு இதே சவாயில் தங்கியிருக்கிறது, அதே சமயத்தில் உடம்பு சரியில்லாத அம்மாவையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஜவாஹர்லால் நேரு இங்கே தங்கியிருக்கிறார். ஆப்கன்காரர்களோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று எழுதிக் கொடு என்று பிரிட்டிஷ் நிர்வாகம் கேட்க, பேசும் எண்ணமே இல்லாதபோதும் எழுதிக் கொடுக்க நேரு மறுத்துவிட்டார், ஊரை விட்டு வெளியேறச் சொன்னார்கள். ஒரே ஹோட்டலில் நேருவும் தூதுக்குழுவும் ஒருவரோடு ஒருவர் பேசாமலே தங்கியிருந்ததை யோசித்துப் பாருங்கள். அப்புறம் அந்தப் 'பிரிவு மணி'. விடிவதற்கு முன்னால் ஒரு மணி அடிப்பார்களாம், பக்திமான்கள் எழுந்து ஜெபம் செய்ய, மற்றவர்கள் அவரவர் படுக்கைக்குத் திரும்பிப் போக. அமெரிக்கப் பயண எழுத்தாளர் லோவல் தாமஸ் இதை எழுதப்போய், ஹோட்டலின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. மின்சாரம் 1909-ல்தான் வந்திருக்கிறது, அதுவரை நடனக் கூடம் முழுக்க மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஓடியிருக்கிறது. ஃபிரான்சிஸ் வந்தபோது மின்விளக்கு வந்து இரண்டே வருஷம்.

அறை வசதியாக இருந்தது, வெந்நீருக்குக் குறையில்லை, குளிருக்குப் போர்வை போதும். சாப்பாட்டில் காலை உணவு அருமை, இட்லி கேட்டால் கிடைக்கும் ஆனால் மலையேறி வந்து அதைக் கேட்காதீர்கள், ஆலு பராட்டாவும் தயிரும் சாப்பிடுங்கள். ரைட்டர்ஸ் பார் என்று ஒன்று இருக்கிறது, குடிக்காதவர்களும் போய் உட்கார்ந்து பார்க்கலாம். புல்வெளியும் தேவதாரு மரங்களும் சாயங்காலம் டீ குடிக்க ஏற்ற இடம். வாடகை சாதாரணக் குடும்பத்துக்கு அதிகம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. லைப்ரரி சௌக் பக்கத்தில் குறைந்த வாடகை விடுதி எடுத்துக்கொண்டு சவாய்க்கு ஒரு மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் வருவது நல்ல வழி, முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வராந்தாவை இருட்டில் பார்க்க வேண்டும் என்றால் தங்கித்தான் ஆக வேண்டும்.

எங்களுக்கு ஒரே எரிச்சல் ஹோட்டலுக்கு வெளியே நடந்தது. மால் ரோட்டில் ஒரு டாக்சிக்காரர் 'பேய் டூர்' கூட்டிப்போகிறேன் என்று ஏற்றிக்கொண்டார். கார்னெட்-ஓர்ம் தூக்கில் தொங்கியதாக ஒரு தடவை சொன்னார், கீழே விழுந்து செத்ததாக இன்னொரு தடவை சொன்னார், கேள்வி கேட்டால் கூடுதல் காசு என்ற அளவுக்குப் போய்விட்டது. அப்புறம் மசூரிக்குப் பக்கத்தில் இருக்கும் லம்பி தேஹர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஐம்பதாயிரம் தொழிலாளர்கள் ரத்தம் கக்கிச் செத்தார்கள், அவர்கள் ஓலம் கேட்கும் என்று இணையத்தில் சுற்றும் கதையைத்தான் அவரும் சொன்னார். ஐம்பதாயிரம் என்ற எண்ணுக்கு ஆதாரம் காட்டிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. டூன் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் குவாரிகள் மூடியதற்கு உண்மையான, பதிவான காரணம் இருக்கிறது: மலையைக் குடைந்து காட்டையும் ஊற்றுகளையும் நாசமாக்கியதால் உள்ளூர் அமைப்பு ஒன்று 1983-ல் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே வழக்காகி, பல குவாரிகளை மூட உத்தரவு வந்தது. சுற்றுச்சூழல் வழக்குகளில் இந்தியாவிலேயே முன்னோடி அது. கல்லுடைத்துத் தூசியைச் சுவாசித்தவர்களின் நுரையீரலுக்கு என்ன ஆகும் என்று சொல்ல ஆவி தேவையில்லை. அந்த இடத்தில் நின்று பேய்ச் சத்தம் பதிவு செய்து வீடியோ போடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. பேய் டூர் என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

இந்த ஆவி பேசும் மோகம் மசூரிக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை. அந்தக் காலத்தில் படித்தவர்கள், அதிகாரிகள், டாக்டர்கள் என்று எல்லோரையும் அது பிடித்திருந்தது, இதே கோனன் டாயில் உட்பட. நம் சென்னை அடையாறு வரை அது வந்திருக்கிறது. பிரம்மஞான சபையில் (தியோசாபிகல் சொசைட்டி) மகாத்மாக்கள் எனப்பட்ட, எங்கோ தொலைவில் இருக்கும் ஞானிகளிடமிருந்து அதிசயமாகக் கடிதங்கள் வந்து விழுகின்றன என்று சொன்னதை விசாரிக்க, லண்டனில் 1882-ல் தொடங்கிய ஆவி ஆராய்ச்சிச் சங்கம் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்பவரை அடையாறுக்கு அனுப்பியது, அவர் இங்கே தங்கித் துருவிப் பார்த்துவிட்டு 1885-ல் மோசடி என்று அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கை சரியா என்று பிற்காலத்தில் அதே சங்கத்தின் பத்திரிகையிலேயே சர்ச்சை வந்தது, அது வேறு விஷயம். கேட்டுக் கேட்டு விசாரிக்கும் அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கிறது. சவாயில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் ஒருவராவது அப்படிக் கேள்வி கேட்கிறவராக இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மே, ஜூனிலும் வருஷக் கடைசி விடுமுறையிலும் மசூரி ரோடு திணறும், டேராடூனிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர்தான் என்றாலும் பாதி நாள் வண்டியிலேயே போய்விடும். ஜூலை, ஆகஸ்டில் மண்சரிவு பயம் உண்டு, ஆனால் மூடுபனி வேண்டும் என்கிறவர்களுக்கு அதுதான் காலம். அக்டோபர், நவம்பர் சரியான சமயம். விமானத்தில் வருகிறவர்கள் ஜாலி கிராண்ட்டில் இறங்கினால் அங்கிருந்து மலை ஏற இரண்டு மணி நேரமாவது வையுங்கள். வயதானவர்களோடு போனால் படி அதிகம் இல்லாத பகுதியில் அறை வேண்டும் என்று புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்கள் அங்கே போய்ப் பேய்க்கதை சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். அந்தப் பலகையை மிதித்துக் காட்டி, சத்தம் ஏன் தாமதமாக வருகிறது என்று சொல்லுங்கள், விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள். பெரிய பிள்ளைகளாக இருந்தால் 1911 வழக்கை முழுசாகச் சொல்லி, சோடா உப்பு பாட்டிலை யார் தொட்டிருப்பார்கள் என்று அவர்களையே யோசிக்கச் சொல்லுங்கள். டேராடூன் திரும்பும் வழி முழுக்க என் மச்சினன் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தான். ஈவா இல்லை, சொத்துக்கு ஆசைப்பட்ட வேறு யாரோ என்பது அவன் கட்சி. நான் இன்னும் ஈவா பக்கம்தான் கை காட்டுகிறேன்.